தோய்த்த பல்லும் நட்ட பல்லும்

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிற இடத்தைத் தவிர வேறெங்கும் அது செல்லுபடியாவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், அவள் பளிச்சக்கா. மேல் மாடி நர்ஸுகளுக்கும் பளிச்சக்காதான். அவளைவிட வயதில் மூத்த பாய்லர்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "மரியாதை இல்லப்பா, பயம்" என்பார்.

கறை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்த மனிதரின் சட்டைப் பையில் மை கசிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதைக் கழட்டிக் குடுங்க, காஞ்சா போகாது" என்று கேட்டவள் அவள். அவரும் மறுபேச்சு இல்லாமல் கழற்றிக் கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை. மிச்ச அழுகையைப் பனியனோடு உட்கார்ந்து அழுது முடித்தார். அவர் கிளம்புவதற்குள் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, மை போன இடம் தெரியவில்லை. செத்தவர் யார் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மை எந்தப் பக்கத்துப் பையில் இருந்தது என்று சொல்லிவிடுவாள்.

ஆஸ்பத்திரிச் சலவை என்றால் வீட்டுத் துணி மாதிரி இல்லை. மேலிருந்து ஒரு குழாய் வழியாக அழுக்கு மூட்டைகள் தடால் தடாலென்று வந்து விழும். அதைப் பிரித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. விரிப்பு ஒரு பக்கம், ஆபரேஷன் அங்கி ஒரு பக்கம், கண்ணால் பார்க்க முடியாதது இன்னொரு பக்கம். இதில் அவளுக்குப் பரம எதிரி ரத்தம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் ஊற்றினால் துணியோடு சமைந்துபோய் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமும் இதுதான், கடைசித் திட்டும் இதுதான்.

வீட்டிலும் இதே ராஜ்ஜியம்தான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கிரீஸிலும் தூசியிலும் புரள்கிற பிழைப்பு. அந்தச் சட்டையோடு வாசலைத் தாண்டினால் வீடு ரணகளமாகிவிடும். அதனால் மாடிப்படித் திருப்பத்திலேயே சட்டையைக் கழற்றிவிட்டு வருவான். எதிர்வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு பழகிப்போய், அவன் வெறும் உடம்போடு நிற்கும்போதே நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இவர்களுக்கு ஒரே மகள். பதினோரு வயது. வாலு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று ஓடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாலு, படியில் இறங்குவது கௌரவக் குறைச்சல் என்று கைப்பிடிக் கம்பியில் சறுக்கிக்கொண்டு இறங்கியது. கீழே வரிசையாக மாட்டியிருந்த தபால் பெட்டிகளில் முகம் போய் மோதி, மேல் வரிசை முன்பல் ஒன்று வேரோடு தெறித்து விழுந்தது. அலறலைக் கேட்டு இருவரும் ஓடினார்கள். அப்பன் பிள்ளையைத் தூக்கி, கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, டாக்ஸி பிடிக்கத் தெருவுக்கு ஓடினான். "பல்லை எடுத்துட்டு வா, டாக்டர் கேப்பாங்க" என்று கத்தியதும் அவன்தான்.

பளிச்சக்கா குனிந்து பல்லை எடுத்தாள். பார்த்தவுடன் அவளுக்கு மானமே போய்விட்டது. ரத்தம், தூசி, யாருடையதோ ஒரு தலைமுடி வேறு. இதை இப்படியே கொண்டுபோய் ஒரு டாக்டர் கையில் கொடுப்பதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

மேலே ஓடினாள். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். ரத்தம் போயிற்று. பிறகு சோப்புத்தூள் கரைசலில் முக்கி, பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். முடி போயிற்று, தூசி போயிற்று. ஆனால் வேரைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வருவேனா என்றது. இவளிடமா? நகத்தால் சுரண்டினாள். இடுக்கில் இருந்ததை ஊசி முனையால் எடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு சொட்டு ப்ளீச்சிங் தண்ணீர் விட்டாள்.

கீழேயிருந்து புருஷன் தெருவே அதிரக் கத்தினான். "ஏய் பளிச்சு! உள்ள என்னதான் பண்ற?"

"வர்றேங்க! பல்லு ஊறிட்டிருக்கு!"

இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை ஒன்றில் பல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினாள். அழுகிற பிள்ளையைத் தடவிக்கொடுத்தாலும், உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதை மறைப்பானேன். பல் அப்படி மின்னியது.

பல் டாக்டரம்மா வாய் ஓயாத மனுஷி. நாளுக்கு நாலு பேரையாவது திட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்று அந்தத் தெருவே சொல்லும். கைக்குட்டையைப் பிரித்தார். பல்லை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதைத் தோய்ச்சது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் பளிச்சக்கா, பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு.

"ரொம்ப அழகா இருக்கு. ஒரு கொக்கி வெச்சுக் காதுல மாட்டிக்கோங்க. வாயில வெக்க இனிமே லாயக்கில்ல."

பிறகு திட்டோடு சேர்த்து விளக்கமும் வந்தது. விழுந்த பல்லைத் தலையைப் பிடித்து எடுத்து, வேரில் கை படாமல், லேசாக அலசி, அப்படியே குழியில் சொருகியிருக்க வேண்டும். இல்லையா, பாலில் போட்டு ஓடி வந்திருக்க வேண்டும். வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். பல்லையும் எலும்பையும் கட்டிவைப்பது அதுதான். அதில் இருக்கும் அணுக்கள் உயிரோடு இருந்தால் பல் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். அவை செத்துவிட்டால், பல்லை உள்ளே வைத்தாலும் எலும்பு அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அதுவும் வளர்கிற வயது.

"இளஞ்சிவப்பா ஒட்டிட்டிருந்துச்சே..." என்று இழுத்தாள் பளிச்சக்கா.

"அதேதான்."

"நான் அதை அழுக்குன்னு நினைச்சேன் டாக்டர்."

டாக்டரம்மா வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. அது திட்டைவிட மோசமாக இருந்தது.

செய்தி பரவுவதற்குக் கேட்கவா வேண்டும். புருஷன் தன் ஆபீஸில் சொன்னான். சலவைப் பிரிவுக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. "அக்கா, எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லு ஆடுது, அடுத்த லோடுல போட்டுடவா?" என்று பாய்லர்காரர் கேட்டார். பயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பளிச்சக்கா அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறது. மகள் சிரிக்கவில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

கழற்றி மாட்டுகிற பொய்ப்பல் ஒன்றை டாக்டரம்மா செய்து கொடுத்திருந்தார். அது பேசும்போது கழன்று நாக்கில் விழும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சத்தமாகப் பாடம் வாசிக்கும்போது புத்தகத்தின் மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகு வாலு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தது. வீட்டையே ஆட்டிவைத்த பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியது. சிரிப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதோடு நிற்கவில்லை. தன் துணிகளை இனிமேல் அம்மா தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

"ஏன்டா கண்ணு?"

"நீ கை வெச்சா எது என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

வாலு தானே துவைத்தது. துவைத்தது என்றா சொல்வது? தண்ணீரைக் காட்டிவிட்டுக் கொடியில் போட்டது. காலரில் அழுக்கு, முழங்கையில் மை, முன்பக்கம் சாஸ் கறை. அந்தச் சீருடையோடு அம்மாவின் கண் முன்னால் மெதுவாக நடந்து பள்ளிக்கூடம் போயிற்று. பளிச்சக்காவைப் பழிவாங்க உலகத்தில் இதைவிடச் சரியான வழி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போய், மூட்டை பிரிக்கிற மேசைக்குப் பின்னால் நின்று அழுதாள். யாராவது பார்த்தால் ப்ளீச்சிங் நெடி என்று சொல்லிவிடலாம், அந்த வசதி அந்த வேலையில் உண்டு.

சில மாதங்கள் கழித்து டாக்டரம்மாவே கூப்பிட்டு அனுப்பினார். கீழ்த்தாடையில் பற்களுக்கு இடம் போதவில்லை, எப்படியும் இரண்டு பல்லை எடுத்துவிட்டுத்தான் கம்பி கட்ட வேண்டும் என்றார்.

"எடுக்கறதுல ஒண்ணைக் குப்பைல போடாம மேல நட்டுடலாம்னு பாக்கறேன்."

"பல்லு என்ன நாத்தா டாக்டர், இங்க பிடுங்கி அங்க நட?" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"அதே கதைதான். வேர் இன்னும் முழுசா வளராத பல்லு. இப்ப எடுத்து நட்டா பிடிச்சுக்கும், வேரும் வளரும். அப்புறம் மேல கொஞ்சம் பூசி, முன்பல்லு மாதிரியே ஷேப் பண்ணிடுவேன். இந்தப் பிள்ளை வாய்க்குள்ளயே உயிரோட ஒரு பல்லு இருக்கறப்ப பிளாஸ்டிக்கை எதுக்கு மாட்டிட்டுத் திரியணும்?"

"பிடிக்கலன்னா?"

"பிடிக்கலன்னா போச்சு. இன்னொண்ணு எடுத்து நட என்கிட்ட கடையா இருக்கு?" டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பிடிக்கறதுக்கு ஒத்தாசையா ஒண்ணு செய்வேன். இவ கையில இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து மெஷின்ல சுத்துவேன். அதுல ஒரு ஜெல்லி பிரிஞ்சு வரும். அதைக் குழியில வெச்சு, வேரைச் சுத்திப் போட்டா காயம் சீக்கிரம் ஆறும்."

ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பளிச்சக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பிள்ளை ரத்தம் எதுக்கு டாக்டர்? என்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. நான் பெத்ததுதானே? எல்லாம் ஒரே ரத்தம்தானே?"

"உங்க ரத்தத்தை வெச்சு நான் என்னம்மா பண்றது? அதுவும் போய் அங்க தேய்க்க ஆரம்பிச்சுடும்."

வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோள் குலுங்கியது. சிரித்ததா அழுததா என்று பளிச்சக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னது வாலுதான்.

பல் நடுகிற நாள் வந்தது. அம்மாவை அறைக்குள் விடுவதா வேண்டாமா என்று பெரிய விவாதம். கடைசியில் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காருங்க. வெளிய எடுத்தீங்க, நேரா வாசலுக்கு அனுப்பிடுவேன்" என்றார் டாக்டரம்மா. பளிச்சக்கா கைகளின் மேல் உட்கார்ந்தாள்.

மகளின் கையிலிருந்து ரத்தம் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஏறியது. அதைக் குக்கர் அளவில் இருந்த ஒரு மெஷினில் வைத்து மூடினார்கள். மெஷின் உறுமிச் சுற்றத் தொடங்கியதும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சலவைப் பிரிவில் ஈரம் பிழிகிற டிரம்மின் சத்தம் இது. குட்டி போட்டிருக்கிறது போல.

"இன்னும் கொஞ்சம் வேகமா சுத்த விடலாமே டாக்டர்? எங்க மெஷின்லாம்—"

"இது போர்வை இல்லம்மா. வேகமா சுத்தினா கெட்டுப்போகும். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தாள். மெஷின் நின்று குழாயை வெளியே எடுத்ததும் எட்டிப் பார்த்தாள். அடியில் கெட்டியாகச் சிவப்பு. மேலே மஞ்சள் நிறத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் வெளுத்த மஞ்சளாக, கெட்டியாக, கொழகொழவென்று ஒன்று நின்றது. டாக்டரம்மா அதை இடுக்கியால் தூக்கி, சிவப்பை நறுக்கித் தள்ளிவிட்டு, ஒரு தகட்டில் வைத்து மெல்ல அமுக்கினார். ஈரத் துணி மாதிரி தட்டையாயிற்று.

"இதுதான் அதுவா?" என்றான் கதவோரம் நின்ற மெக்கானிக்.

"இதுதான். வளர்ச்சிக் காரணின்னு சொல்வாங்க, அது இதுல ஊறிக் கிடக்கு. காயம் பட்ட இடத்துல இருந்துட்டு, 'டேய், இங்க வேலை இருக்கு, வாங்கடா'ன்னு சுத்துப்பட்டு அணுக்களையெல்லாம் கூப்பிடும். ஒண்ணு ரத்தக்குழாய் போடும், ஒண்ணு எலும்பு கட்டும், ஒண்ணு சவ்வை ஒட்டும். உங்க லிஃப்ட் கம்பெனி மாதிரி போன் பண்ணா மூணு வாரம் கழிச்சு வராது."

"டாக்டர்—"

"ஆனா மந்திரம் கிந்திரம் இல்ல. ஒத்தாசைதான். வேர்ல இருக்கற சவ்வு உயிரோட இருந்தாத்தான் இது கூப்பிட்டதுக்கு வர ஆள் இருக்கும். அதனாலதான் நான் அவசரப்படறேன். வாயை மூடிட்டு நில்லுங்க."

பளிச்சக்காவுக்கு விசித்திரமாக இருந்தது. இத்தனை வருஷமாகப் பச்சைத் தண்ணீரில் அலசி அலசிச் சாக்கடைக்கு அனுப்பியதில் இப்படி ஒரு வேலைக்காரப் பட்டாளம் இருந்திருக்கிறது. அதற்காக அவள் ஒன்றும் உருகிவிடவில்லை. விரிப்பில் இருந்தால் அது கறை, நாளைக்கும் அலசத்தான் போகிறாள். ஆனால் அந்தத் தகட்டின் மேல் கிடந்ததைப் பார்த்து முதல் தடவையாக, 'அம்மா தாயே, எப்படியாவது பாத்துக்கோ' என்று வேண்டிக்கொண்டாள். ரத்தத்தைப் பார்த்துக் கும்பிட்ட சலவைக்காரி அநேகமாக அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டாக்டரம்மா மேலே குழியைத் தயார் செய்தார். ஜெல்லியில் பாதியை உள்ளே வைத்தார். பிறகு கீழ்ப்பல்லை ஆட்டி ஆட்டி, நோகாமல், தலையைப் பிடித்துத் தூக்கினார். அது வெளியே வந்து விளக்கில் திரும்பிய அந்த ஒரு கணத்தில் பளிச்சக்கா பார்த்துவிட்டாள். வேரைச் சுற்றி அதே இளஞ்சிவப்பு. ஈரமாக, மெல்லியதாக, ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டியது இதைத்தான். ஊசியால் குத்தி எடுத்தது இதைத்தான். அவளுக்குத் தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது, கைகள் அடியில் மாட்டியிருந்ததால் முடியவில்லை.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பல் மேல் குழிக்குப் போய்விட்டது. மிச்ச ஜெல்லியை ஈறோரம் சுற்றி வைத்து, தையல் போட்டு, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார்.

"மெத்துனு சாப்பாடு. சூப், பிசைஞ்ச உருளைக்கிழங்கு, அது மாதிரி. மத்த பல்லையெல்லாம் தேய்க்கலாம், அந்தப் பக்கம் மட்டும் பிரஷ் போகக்கூடாது. மருந்துத் தண்ணிய வாயில வெச்சுச் சாய்ச்சு விடணும், குலுக்கிக் கொப்பளிக்கக் கூடாது." பிறகு நாற்காலியை முழுவதுமாக மூலைப் பக்கம் திருப்பினார். "இப்ப உங்களுக்கு. ரெண்டு நாள்ல அங்க வெள்ளையா, மஞ்சளா, பாலாடை மாதிரி ஒண்ணு படியும். நாத்தம்கூட வரும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். அது சீழ் இல்ல. காயம் ஆறுதுன்னு அர்த்தம். வீங்குச்சு, காய்ச்சல் வந்துச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க. அது இல்லாம நீங்களா கை வெச்சீங்க, வீடு தேடி வந்து உடைப்பேன்."

"எதை டாக்டர்?"

"கையை."

சொன்னபடியே அந்தப் பாலாடை படிந்தது. பளிச்சக்கா பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியாது. மகள் வாயைத் திறந்து சூப் குடிக்கும்போதெல்லாம் அது தெரியும். வெளுத்த மஞ்சள், ஓரம் நூல் நூலாக. ஈரப் பஞ்சு ஒன்று போதும், ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். அந்த விரல்களை வேறு எங்காவது விட வேண்டியிருந்தது. ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தாள். மின்விசிறியைக் கழற்றித் துடைத்தாள். எதிர்வீட்டுக் கதவைத் துடைத்தாள். புருஷனின் டூல்பாக்ஸைத் திறந்து ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் அத்தனையையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் பரப்பினாள். எல்லாம் செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்தன.

"ஒரு பல்லுக்காக என் பிழைப்பையே கழுவிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டான் மெக்கானிக்.

"வாயை மூடுங்க. இல்லன்னா உங்களைக் கழுவுவேன்."

இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து சேதி வந்தது. வகுப்பு குரூப் போட்டோவைத் தேதி மாற்றி முன்னால் இழுத்துவிட்டார்கள். மறுநாள் காலை. எல்லாரும் சிரித்த முகத்தோடு வர வேண்டுமாம்.

காலையில் வாலு கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு சமையலறை வாசலுக்கு வந்து நின்றது. மாதக்கணக்காகத் தானாக வந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

"அம்மா."

பளிச்சக்காவுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"இதை எடுத்துவிடும்மா. உனக்குத்தான் எது எப்படி எடுக்கணும்னு தெரியுமே. லேசா. போட்டோல இது தெரியும்மா. பக்கத்துல நிக்கறவளுக்கு நாத்தம் அடிக்கும்."

கேட்டது யார்? அழுக்குச் சீருடையைக்கூடத் தொட விடாத மகள். எதைக் கேட்டது? உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்துகொண்டு மடியில் வந்து படுத்திருக்கும். பளிச்சக்காவின் வலது கை தன்னையறியாமல் தோளில் கிடந்த துணியைத் தொட்டது.

"மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"மாட்டேன்டா. அது அப்படியே இருக்கணும்."

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தான். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. "ஓரமா மட்டும் லேசாத் தொடைச்சு விடேன். போட்டோவுக்குத்தானே? டாக்டரம்மா என்ன, கேமராவா வெச்சிருக்காங்க?"

"நீங்க போய்த் துருவைத் தேய்ங்க."

வாலுவின் கண் நிரம்பிவிட்டது. கையால் வாயைப் பொத்தவில்லை. பொத்த மறந்துவிட்டது. "நல்லா இருந்த பல்லை யாரும் கேக்காமலே கழுவின. இப்ப நானே கேக்கறேன், மாட்டேங்கற. உனக்கு நான் அழறதைப் பாக்கணும். அவ்வளவுதானே?"

அந்தச் சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. பளிச்சக்கா பதில் சொல்வதற்குள் வாலு குளியலறைக்குள் ஓடியது. பிரஷ்ஷை எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் பாய்ந்த பாய்ச்சலில் வழியில் இருந்த வாளி உருண்டு, தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. மகளின் கையைப் பிடித்து, பிரஷ்ஷைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினாள். கீழே யாரோ "எந்தப் பைத்தியம்டா அது?" என்று கத்தினார்கள்.

"நான்தான்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"விடு! அசிங்கமா இருக்கு!"

"இருக்கட்டும்."

"நாறுது!"

"நாறட்டும். என்னைத் திட்டணுமா, திட்டு. அடிக்கணுமா, அடி. இன்னும் பத்து வருஷம் என்கூடப் பேசாம இருக்கணுமா, இரு. அதுல மட்டும் யார் கையும் படக்கூடாது. உன் கையும் படக்கூடாது, என் கையும் படக்கூடாது. ஒரு தடவை நான் அதைக் கொன்னுட்டேன்டா. இன்னொரு தடவை என்னால முடியாது."

அழுதுகொண்டேதான் சொன்னாள். சத்தமாக, மூக்கு ஒழுக, ஈரத்தில் நின்றுகொண்டு. வாலு சட்டென்று கையை உதறிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டது. பளிச்சக்கா அதே ஈரப் புடவையோடு பின்னாலேயே நடந்தாள். மகளின் இரண்டு கைகளையும் மறுபடி பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசல் வரை விடவில்லை. போலீஸ் கைதியைக் கூட்டிப்போகிற மாதிரி இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். போட்டோவில் அந்த வகுப்பே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, போட்டோ எடுப்பவரைக் கொலை செய்யப்போகிற மாதிரி முறைக்கிறது.

அதற்குப் பிறகும் வாலு பேசவில்லை. ஆனால் பிரஷ்ஷையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. பாலாடை தானாக மெலிந்து, தானாகக் காணாமல் போனது. அடியில் ஈறு புதுத் துணி மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. தையல் பிரித்தார்கள், கம்பி எடுத்தார்கள். பல்லின் மேல் பூசி, முன்பல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகில் என்ன இருக்கிறது, தோய்த்த பல்கூட அழகாகத்தான் இருந்தது. உள்ளே பிடித்திருக்கிறதா என்பதற்குச் சில மாதங்கள் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்த மாதங்களில் பளிச்சக்கா இளைத்துப் போனாள். சலவைப் பிரிவில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து ரத்த விரிப்பில் விட்டுவிட்டாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாய்லர்காரர் ஓடிப்போய் மூடினார். அவர் அப்போது கேலி செய்யவில்லை.

கடைசியில் அந்த நாளும் வந்தது. மகள் நாற்காலியில் சாய்ந்தது. அப்பனும் அம்மாவும் சுவரோரம் நின்றார்கள். டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடியின் பிடியைத் திருப்பி எடுத்தார்.

"தட்டிப் பாக்கப் போறேன். எலும்போட ஒட்டி இறுகிப் போயிருந்தா எவர்சில்வர் டம்ளரைத் தட்டின மாதிரி கணீர்னு கேக்கும். சவ்வு உயிரோட இருந்தா மத்த பல்லு மாதிரியே கேக்கும்."

முதலில் பக்கத்துப் பல்லைத் தட்டினார். டொக். அந்தப் பக்கத்துப் பல். டொக். பளிச்சக்கா புருஷனின் கையைப் பிடித்தாள். கிரீஸ் கை. அவள் கவனிக்கவில்லை.

நட்ட பல்லைத் தட்டினார்.

டொக்.

இன்னொரு தடவை தட்டினார். டொக். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். வேரைச் சுற்றிக் கறுப்பாக மெல்லிய கோடு ஒன்று அறுபடாமல் ஓடியது. அதுதான் சவ்வுக்கான இடம் என்றார். வேர் நட்ட அன்றைக்கு இருந்ததைவிட நீளமாக வளர்ந்திருந்தது. குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்ததும் மகள் "ஸ்ஸ்" என்று துள்ளியது.

"ஜில்லுனு இருக்கா?"

"ஆமா!"

"உயிர் இருக்கு" என்றார் டாக்டரம்மா. திட்டுவதற்கு எதுவும் கிடைக்காத ஏமாற்றம் அவர் குரலில் கொஞ்சம் இருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே மகளிடம் கேட்டார். "இவ்வளவு சுத்தமா ஆறியிருக்கே. வீட்ல யாரு உன்னைப் பாத்துக்கிட்டது? என்ன பண்ணாங்க?"

வாலு நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தது. சுவரோரம் நின்ற அம்மாவைப் பார்த்தது. கை வாய்க்குப் போகவே இல்லை. மற்ற பிள்ளைகள் தங்கள் அம்மாவின் சமையலைப் பற்றிப் பீற்றிக்கொள்வது போல, தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னது.

"எங்கம்மா டாக்டர். ஒண்ணுமே பண்ணல. நான் கெஞ்சினப்பகூட ஒரு விரல் வைக்கல."